தண்ணீர் விடாத ஒன்பது நாள்

மக்கா,

நீயும் நீ கட்டப்போகும் பெண்ணும் புதன்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் பெங்களூரில் உன் கையில் கிடைத்துவிடுமா என்று கூரியர் கடையில் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே மழை உண்டா, சாப்பிட்டாயா என்று எதையாவது கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "அப்பா, அவளுக்கு மொதல்ல அந்தப் புளியத்தான் காட்டணும். பைய எறக்கி வச்ச ஒடனே மாடிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொன்னாய். "காட்டலாம் மக்கா" என்றேன். மாடியில் நீ சட்டியில் வளர்த்த அந்தப் புளியமரம் இப்போது இல்லை. சித்திரை மாதமே பட்டுப்போய்விட்டது. பூச்சி விழவில்லை, நோயும் வரவில்லை. தண்ணீர் விடாமல் நான்தான் அதைக் காயவிட்டேன்.

உனக்குத் தெரிந்த சிலவற்றையும் இதில் எழுதுகிறேன். அந்தப் பெண்ணும் இதைப் படிக்கட்டும் என்பதுதான் காரணம். வரப்போகிற வீட்டில் மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று அவள் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

நான் கரண்ட் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கம்பிக்குக் கீழே வளர்ந்து நிற்கும் கிளைகளை வெட்டித் தள்ளுவது எங்கள் வேலைகளில் ஒன்று. மரத்தைப் பார்த்தால் எதை வெட்டவேண்டும் என்றுதான் என் கண் தேடும். நீ என்ஜினியரிங் முடித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்து, அது ஒத்துவரவில்லை என்று அஞ்சுகிராமத்துக்கே திரும்பி வந்தாய். காலையில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் மாடியில் முழங்கால் உயரத்து மரங்களின் முன்னால் இருந்தாய். எனக்கு அது விளங்கவே இல்லை. தட்டு மாதிரி ஆழமில்லாத சட்டிகள் முப்பத்தொன்று. ஆல், அரசு, இச்சி, சவுக்கு, நாவல், கொடுக்காப்புளி. பாலத்துச் சுவரிலும் இடிந்த வீட்டிலும் முளைத்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வருவாய். புளி மட்டும் நீ விதை போட்டு வளர்த்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றை எடுத்துப்போய் உடைந்த மண்சட்டியில் புதைத்து வைத்தாய். நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருடமும், சென்னையில் இருந்த இரண்டு வருடமும் அம்மாதான் அதைப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பது வயது மரம் அது. போன வருடம் இரண்டு காய் காய்த்தது. அதைப் பறிக்க நீ யாரையும் விடவில்லை.

பங்குனியில் என் பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லி, காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வேலைக்காக உன்னைப் பார்க்கச் சம்மதித்தார்கள். காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கே அந்த கேட்டில் போய் நின்றேன். பத்தரை ஆயிற்று. போன் பண்ணி, "எங்கலே நிக்க?" என்று கேட்டேன். "தோவாளைல நிக்கேன்ப்பா. ரோட்டுக்காக ஒரு பழைய சுவத்த இடிக்காவ. அதுல ஒரு அரசு நிக்கி. இன்னைக்கு எடுக்கலன்னா ஜேசிபி வச்சி நொறுக்கிருவாவ" என்றாய். நேரம் தவறியது தப்பு என்று நீ அன்றே என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அதை நான் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் நீ மாடியில் உட்கார்ந்து அந்த அரசின் வேரிலிருந்து மூங்கில் குச்சியால் மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாய். நான் படியில் நின்று சொன்னேன்: "இந்தச் சட்டியில நிக்க மரத்தப் போலதாம்லே நீயும். எத்தன வருசமானாலும் வளர மாட்ட." நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தாய். பத்தாவது நாள், பெங்களூரில் போன்சாய் வளர்க்கிற ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாய்.

போகிற அன்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "மண்ணுல வெரல வச்சிப் பாருங்கப்பா. மேல காஞ்சிருந்தா விடணும். அடி ஓட்ட வழியா வடியது வரைக்கும் விடணும். சித்திரைல ரெண்டு நேரம். சவுக்கும் புளியும் ஒரு நாளுகூட தாங்காது." நான் பேப்பர் படித்துக்கொண்டே "செரி, செரி" என்றேன். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் விட்டேன். அப்புறம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் பக்கத்தில் இருந்தவர், "ஒனக்க மவன் பெங்களூர்ல தோட்டக்காரனாட்டா இருக்கான்?" என்று கேட்டார். அவர் சும்மா விசாரித்திருக்கலாம். எதிரே இருந்த இரண்டு பேர் சிரித்தது மட்டும்தான் எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் மாடிக்குப் போகவில்லை.

முதல் நாள் போகாததற்குக் கோபம் காரணம். இரண்டாம் நாள் அம்மா அடுக்களையிலிருந்து, "தண்ணி விட்டியளா?" என்று கேட்டாள். "விட்டாச்சு" என்றேன். முழங்கால் வலியால் அவள் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். அவள் போய்ப் பார்க்கமாட்டாள் என்ற தைரியம் எனக்கு. மூன்றாம் நாளிலிருந்து கோபம்கூட இல்லை. மேலே போனால் என்ன நிலைமையில் இருக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. பயத்தினால் இன்னொரு நாள் தள்ளினேன். தள்ளத் தள்ள பயம் கூடியது. அந்த வெயில் உனக்குத் தெரியும். மாடித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ஒன்பது நாள் நான் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் அம்மா கொல்லையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து சவுக்கின் ஊசி இலைகள் காய்ந்து சிவந்து காற்றில் வந்து விழுந்திருக்கின்றன. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போயிருக்கிறாள். நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். அவள் புளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஹோஸைச் சட்டிக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. புளியின் இலை முழுவதும் தரையில் கிடந்தது. "எனக்கு எழும்ப முடியல. கையப் புடியுங்க" என்றாள். பிடித்துத் தூக்கினேன். கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "அவன் மேல உள்ள கோவத்த அவங்கிட்ட காட்டியிருக்கணும். இதுக்கு வாயா இருக்கு, எனக்குத் தண்ணி தான்னு கேக்கதுக்கு?" அதற்குப் பிறகு அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைப்பாள், மாத்திரை எடுத்து வைப்பாள். பேசமாட்டாள்.

மறுநாள் புளியை ஆட்டோவில் வைத்து, கன்னியாகுமரி ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன். நீ சட்டி வாங்குகிற இடம்தான். அவள் மரத்தைப் பார்த்ததும், "இது தம்பிக்க மரமில்லா?" என்று எழுந்து வந்தாள். கிளை நுனியிலிருந்து தொடங்கி நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்றாள். நுனியில் பழுப்பு. நடுக்கிளையில் பழுப்பு. அடித்தண்டில் மண்ணோடு ஒட்டிச் சுரண்டினாள், அங்கேயும் பழுப்புதான். "அண்ணாச்சி, இது போச்சு. வேரு வரைக்கும் காஞ்சிட்டு" என்றாள். "நாங்க ஊருக்குப் போயிருந்தோம்" என்று சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. "அய்யோ, ஒரு போன் போட்டிருந்தா நானோ எனக்க வீட்டுக்காரரோ வந்து நனச்சிருப்போமே" என்று அவள் மெய்யாகவே வருத்தப்பட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதி மரங்களை நிழலுக்கு மாற்றச் சொன்னாள். உரம் போடவேண்டாம், எதையும் வெட்டவேண்டாம், மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றாள்.

முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். சவுக்கு நாலும் போயிருந்தன. இரண்டு நாவல், புளி. மொத்தம் ஏழு. ஆல், அரசு, இச்சி எல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. உள்ளே பச்சை இருந்தது. பந்தல் போல் பச்சை வலை கட்டினேன். காலையும் மாலையும் மண்ணில் விரல் வைத்துப் பார்த்தேன். பதினாறாம் நாள் பெரிய ஆலின் தண்டில் அரிசி முனை அளவுக்கு ஒரு சிவப்பு மொட்டு தெரிந்தது. மாடியில் நின்று உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னேன். பதில் இல்லை. மறுநாள் காப்பி டம்ளரைக் கையில் தரும்போது, "இன்னைக்கு எத்தன மொட்டு?" என்று கேட்டாள். இரண்டரை வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான்.

உன்னிடம் சவுக்கும் நாவலும் கரையான் ஏறிப் பட்டுப்போயின என்று சொன்னேன். புளி நன்றாக இருக்கிறது என்றேன். நீ போட்டோ கேட்டாய். அம்மாவின் போனில் போன தையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை அனுப்பினேன். "நல்லா பாத்துக்கிடுதிய அப்பா" என்று நீ பதில் போட்டிருந்தாய். மக்கா, நான் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே கேவலமானது எது என்று கேட்டால், தண்ணீர் விடாததைவிட அந்தப் போட்டோவைத்தான் சொல்வேன்.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கியது. மேற்கே தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் ஊற்றுகிறது என்று சொன்னார்கள். நமக்கு மேகமும் காற்றும்தான். ஆடியில் காற்று சட்டிகளைத் தூக்கிப் போடப் பார்த்தது. கம்பி கட்டுவது எனக்குத் தெரிந்த வேலை என்பதால் ஒவ்வொரு சட்டியையும் பலகையோடு சேர்த்துக் கட்டினேன். ஒன்றும் விழவில்லை. அந்தத் தைரியத்தில், நீ கிளைகளை வளைக்க வைத்திருந்த அலுமினியக் கம்பியை எடுத்து ஓர் இச்சியின் கிளையில் நானே சுற்றினேன். ஒன்றரை மாதத்தில் கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. சுற்றியதை அவிழ்த்து இழுத்தபோது பட்டையும் கூட வந்தது. ஸ்டெல்லாதான், கம்பியை அவிழ்க்கக்கூடாது, துண்டு துண்டாக வெட்டி எடுக்கவேண்டும் என்று சொன்னாள். அந்தத் தழும்பு கிளையில் சுருள் சுருளாக இருக்கிறது. நீ பார்க்கத்தான் போகிறாய்.

ஆவணியில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் போன் பண்ணினான். "அண்ணே, மயிலாடி போற வழியில, நாம வருசா வருசம் வெட்டுவமே, அந்த பம்ப் செட்டு சுவத்து இச்சி. அத நாளைக்கு இடிக்காவ. ஒங்க மவன் இதெல்லாம் எடுப்பான்லா?" எனக்கு அந்த மரத்தைத் தெரியும். பதினைந்து வருடமாவது அதை நான் வெட்டியிருப்பேன். கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வெட்டுவேன், அடுத்த வருடம் மறுபடி வந்து நிற்கும். அப்படி வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டே அடிமரம் என் தொடை பருமனுக்கு வந்திருந்தது. உயரம் இரண்டு முழம்தான். கடப்பாரையும் ஆக்சா பிளேடும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் போனேன். சுவரில் கல்லுக்குக் கல் வேர் ஓடியிருந்தது. ஒரு கல்லை எடுத்தால் அதன் பின்னால் சின்ன வேர்கள் கொத்தாக இருக்கும், அதை அறுக்க மனம் வராது. இடிக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம், "இன்னும் அர மணிக்கூறு தாங்க" என்று கெஞ்சினேன். அப்போதுதான் பங்குனியில் தோவாளையில் நீ ஏன் சுவரை விட்டு வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. நனைந்த சாக்கில் வேரைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இருபத்து மூன்று நாள் கழித்துத் துளிர்த்தது. புளிக்கு ஈடாக இதைக் காட்டி உன்னைச் சமாதானப்படுத்த நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. அதற்கு ஈடு கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த ஏழு மாதத்தில் அந்த மரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பற்றி ஒன்று கண்டுபிடித்தேன். நான் உன்னை ஒருநாளும் அடித்ததில்லை என்று பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மைதான், அடித்ததில்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது பதினொரு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ தினமும் என் செருப்பைத் துடைத்து வாசலில் வைப்பாய். நான் பார்க்காத மாதிரி போட்டுக்கொண்டு போவேன். கல்யாணமான புதிதில் உன் அம்மா என்னிடம் கேட்காமல் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள் என்று ஒரு மாதம் பேசவில்லை. அவள் அப்போது உன்னை வயிற்றில் வைத்திருந்தாள். கத்துகிறவன், சட்டியை உடைக்கிறவன்தான் கெட்டவன் என்று நினைத்திருந்தேன். சத்தமில்லாமல் ஓர் ஆளுக்குத் தரவேண்டியதைத் தராமல் இருப்பதுதான் என் வழக்கம். அதைச் செய்யும்போது நான் ஒன்றுமே செய்யவில்லை என்று எனக்குத் தோன்றும். மாடியில் அந்த ஒன்பது நாளும் அப்படித்தான் தோன்றியது.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. தகப்பன் என்ற முறையில் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்களுக்குள் சண்டை வரும். வரட்டும், சத்தம் போட்டே பேசுங்கள். யார் மேல் கோபமோ அவரிடமே சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நீ என் பிள்ளை. சின்ன வயதில் கோபம் வந்தால் நீயும் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாய். அந்தப் பெண் உன்னைப் பேசவைக்கட்டும். அவள் கேட்டும் நீ பேசாமல் இருந்தால் இந்தக் கடிதத்தை எடுத்து உன்னிடம் காட்டட்டும்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.

"என்னது?"

"நாலாவது நாளு காத்துல மாடிக் கதவு அடிச்சிட்டுக் கிடந்துதே. அதச் சாத்தப் போனது ஆரு?"

நான் தாளை மடியில் வைத்தேன்.

"கதவச் சாத்த இவ்வளவு நேரமான்னு கீழ நின்னு நெனச்சேன். நானும் அன்னைக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அவள் சொல்வது உண்மை. நாலாம் நாள் மத்தியானம் நான் மேலே போனேன். கதவோரம் நின்று பார்த்தேன். புளியின் இலையெல்லாம் கூப்பிக்கொண்டிருந்தது, உதிர்ந்திருக்கவில்லை. பக்கத்திலேயே டிரம் நிறையத் தண்ணீர், அதன் மூடிமேல் மக். பத்து அடி தூரம் இருக்காது. பிழைக்கவைக்க அன்று நேரம் இருந்தது, எனக்கு அது தெரிந்தும் இருந்தது. சிரித்த அந்த இரண்டு பேரின் முகம் மனதில் வந்தது. கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு இறங்கி வந்தேன். படியில் கால் வைக்கவில்லை என்று மேலே எழுதியிருப்பது பொய். அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்ல உட்கார்ந்தும் எனக்கு எவ்வளவு தூரம்தான் வந்தது என்று நீ பார்த்துக்கொள்.

புதன்கிழமை நீங்கள் வரும்போது அம்மா வாசலில் இருப்பாள். மாடிக்கு நீங்கள் இருவரும் போங்கள். நான் வரவில்லை. வேண்டிய மட்டும் அங்கே இருந்துவிட்டு வா. நான் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். வந்து என் எதிரில் உட்கார்ந்து, உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் அந்தப் பெண்ணின் முன்னாலேயே சொல். நான் பேப்பரை எடுக்கமாட்டேன். எழுந்து போகமாட்டேன். நீ முடிக்கும்வரை கேட்டுவிட்டு, உனக்குப் பதில் சொல்வேன்.

அப்பா